கன்னத்தில் விழுந்த துளி: ‘ஹீரோ’வில் காட்சியும் கதையும்

ஜியுஜைகோ பள்ளத்தாக்கின் ஏரி கண்ணாடிபோல அசையாமல் கிடக்கிறது. நீர் நடுவே ஒரு மண்டபம், அதில் கிடத்திய ஒரு பெண்ணின் உடல். நீல உடை அணிந்த இரண்டு ஆண்கள் நீரின் மேல் பறந்து வாள் வீசுகிறார்கள். வாள்நுனி தண்ணீரைத் தொடுகிறது, வளையம் விரிகிறது, அந்த உந்தலில் மறுபடி எழும்புகிறார்கள். இப்படியே சில நிமிடம் ஓடுகிறது. பிறகு ஒரு துளி தெறித்து இறந்தவளின் கன்னத்தில் விழுகிறது. இருவரில் ஒருவன் சண்டையை அப்படியே போட்டுவிட்டு அந்தத் துளியைத் துடைக்கப் போகிறான். அதோடு சண்டை முடிந்துவிடுகிறது.

ஜாங் யிமோ இயக்கிய ‘ஹீரோ’ (2002) படத்தில் வரும் இந்தச் சண்டையின் கதைச் சரக்கு அந்த ஒரு துளிதான். மற்றதெல்லாம் நீரும் மலையும் துணியும். ஒரு துளிக்கு இத்தனை நிமிடம் தகுமா? வூசியா என்று சீனர்கள் சொல்லும் வாள்வீரர் படங்கள் பெரிய பட்ஜெட்டுக்கு மாறிய 2000களில் அவற்றின் மேல் விழுந்த குறை ஒன்றுதான்: கண்ணுக்கு விருந்து, கதைக்குப் பட்டினி. இந்தக் குறையை மொத்தமாக ஏற்பதும் மொத்தமாகத் தள்ளுவதும் சுலபம். ஒவ்வொரு சண்டையாக எடுத்து, “இது தொடங்கும் முன் தெரியாத எது, முடிந்தபின் நமக்குத் தெரிகிறது?” என்று கேட்டால் விடை காட்சிக்குக் காட்சி மாறுகிறது. ‘ஹீரோ’வையும் அதே இயக்குநர் அடுத்தடுத்து எடுத்த படங்களையும் அந்த ஒரு கேள்வியை வைத்தே இங்கே அளக்கிறோம்.

முடிவு ஊருக்கே தெரிந்த கதை

கி.மு. 227இல் யான் நாட்டு இளவரசன் அனுப்பிய ஜிங் கே என்பவன் சின் நாட்டு மன்னனைக் கொல்லப் போனான். காணிக்கையாகக் கொண்டுபோன வரைபடச் சுருளுக்குள் நஞ்சு தோய்த்த குத்துவாள். சுருள் முழுதும் விரிந்ததும் கத்தி வெளியே வந்தது. மன்னன் தூணைச் சுற்றி ஓடினான்; நீளமான தன் வாளை உறையிலிருந்து உருவ முடியாமல் தவித்தான்; அரண்மனை வைத்தியர் கையிலிருந்த மருந்துப் பையை வீசினார்; ஜிங் கே தோற்றுச் செத்தான். சிமா சியானின் வரலாற்று நூல் சொல்லும் கதை இது. ஆறு ஆண்டு கழித்து, கி.மு. 221இல், அந்த மன்னன் மற்ற ஆறு நாடுகளையும் அடக்கிச் சீனாவின் முதல் பேரரசன் ஆனான்.

ஆகவே சின் மன்னனைக் கொல்ல ஒருவன் போகிறான் என்று எவர் படம் எடுத்தாலும், மன்னன் சாகப் போவதில்லை என்பது சீனப் பார்வையாளருக்கு டிக்கெட் வாங்கும்போதே தெரியும். போதாததற்கு 1996இல் ஜோ சியாவ்வென்னும் 1998இல் சென் கைகேயும் இதே மன்னனைப் படமாக்கிவிட்டார்கள். சென் கைகேயின் படத்துக்காக ஹெங்தியனில் எழுப்பிய சின் அரண்மனை செட் அப்படியே நின்றது. ‘ஹீரோ’வுக்கும் அதுதான் பயன்பட்டது.

ஏழு ஆண்டுக்குள் மூன்றாவது முறை சொல்லப்படும் கதையில் “கொல்வானா?” என்ற கேள்விக்கு உயிர் இல்லை. லீ ஃபெங், வாங் பின், ஜாங் யிமோ மூவரும் எழுதிய திரைக்கதை அதை விட்டுவிட்டு “சொல்வது உண்மையா?” என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டது. பெயரிலி என்ற வீரன் (ஜெட் லீ), மன்னனைக் கொல்லத் திரிந்த மூவரை வென்றுவிட்டதாகச் சொல்லி, மன்னன் (சென் தாவோமிங்) முன் வந்து அமர்கிறான். 100 தப்படிக்குள் எவரையும் மன்னன் விடுவதில்லை. வானம் என்ற கொலையாளியின் ஈட்டியைக் கொண்டுவந்ததால் 20 தப்படிவரை வரலாம். முறிந்த வாள், பறக்கும் பனி என்ற இணையின் வாள்களைக் காட்டினால் 10 தப்படிவரை. அந்த 10 தப்படிதான், உண்மையில் மன்னனைக் கொல்லவே வந்த பெயரிலியின் வித்தைக்கு வேண்டிய தூரம். ஒரு கூடம், இரண்டு ஆள், குறைந்துகொண்டே வரும் தூரம். எலும்புக்கூட்டை மட்டும் பார்த்தால் இது மேடை நாடகத்துக்கு உரிய கச்சிதம்.

இத்தனை சிறிய எலும்புக்கூட்டின் மேல் ஏன் இத்தனை சதை? காரணம் பெரும்பாலும் வியாபாரம். ஆங் லீயின் ‘க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ (2000) சுமார் 1.7 கோடி டாலரில் தயாராகி உலகெங்கும் சுமார் 21 கோடி வசூலித்தது. அதில் சுமார் 12.8 கோடி அமெரிக்காவில் மட்டும். நான்கு ஆஸ்கர் வேறு. ‘ஹீரோ’வுக்குச் சுமார் 3.1 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது அந்தக் கணக்கை நம்பித்தான். வெளிநாட்டில் விற்க வேண்டிய படத்தில் நிறமும் அசைவும் வசன வரி இல்லாமலே போய்ச் சேரும். உள்நாட்டிலோ திருட்டு டிவிடி தொல்லை. சிறிய திரையில் பார்த்தால் பாதி செத்துப்போகும் படத்துக்குத்தான் ஆள் தியேட்டருக்கு வருவான். 2002 அக்டோபரில் ஆஸ்கர் தகுதிக்காக ஷென்சென் நகரில் ஒரு வாரம் மட்டும் திரையிட்டபோதே திருட்டுப் பதிவைத் தடுக்கக் கடும் காவல் போட்டார்கள். அந்த டிசம்பரில் சீனா முழுதும் வெளியானது. அமெரிக்காவில் விநியோக நிறுவனம் கிடப்பில் போட்டு, 2004 ஆகஸ்டில்தான் வெளியிட்டது. முதல் வார இறுதியிலேயே வசூலில் முதலிடம்.

நிறம் செய்யும் வேலை

‘ஹீரோ’வின் நிறங்களைப் பற்றி “சிவப்பு என்றால் காமம், நீலம் என்றால் தியாகம்” என்று அகராதி போடுவது வழக்கம். அது அவ்வளவாக உதவாது. படத்தில் நிறம் உணர்ச்சியைக் குறிப்பதைக் காட்டிலும் யார் சொல்லும் கதை என்பதைக் குறிக்கிறது. சிவப்பில் வருவது பெயரிலி மன்னனிடம் அவிழ்த்துவிடும் பொய். நீலத்தில் வருவது அந்தப் பொய்யைக் கண்டுபிடித்த மன்னன் தானாகக் கற்பனை செய்யும் மாற்றுக் கதை. வெள்ளையில் வருவது உண்மை. பச்சையில் வருவது அந்த உண்மைக்குள் மூன்றாண்டு முந்தைய நினைவு. இவை எல்லாவற்றுக்கும் சட்டமாக நிற்கும் அரண்மனை கறுப்பும் சாம்பலும். பார்வையாளர் ஒரு வார்த்தையும் கேட்காமலே, உடையைப் பார்த்த அரை நொடியில் எந்தக் கதைக்குள் இருக்கிறோம் என்று அறிகிறார். இதை வசனத்தால் செய்ய முயன்றிருந்தால் காட்சிக்கு ஒரு வாய் தேவைப்பட்டிருக்கும்.

முதல் சண்டை வானத்தோடு (டோனி யென்). மழை ஒழுகும் சதுரங்க மண்டபம், பார்வையற்ற முதியவர் மீட்டும் குச்சின் என்ற தந்தி வாத்தியம். ஓர் இடத்தில் இருவரும் கண்ணை மூடி அசையாமல் நிற்கிறார்கள். நிறம் வடிந்து, சண்டை மனதுக்குள் நடக்கிறது. வாத்தியத்தின் தந்தி அறுந்ததும் நிஜத்துக்குத் திரும்புகிறது. நம் கேள்வியைப் போட்டால் இங்கே இரண்டு விடை கிடைக்கிறது. இந்தப் படத்தில் திரையில் காண்பது எல்லாமே நடந்ததல்ல என்ற எச்சரிக்கை ஒன்று. பின்னால், வானம் வேண்டுமென்றே தோற்றான் என்று மன்னன் ஊகிக்கும்போது, இத்தனை அழகாக நடந்த சண்டை ஒரு நாடகம் என்பது மற்றொன்று. அழகே சந்தேகத்துக்கு இடமாகிறது.

படத்தின் மிக நேர்த்தியான காட்சி என்று நாம் சொல்வது ஜாவ் நாட்டு எழுத்துக்கலைப் பள்ளியின் மேல் சின் படை அம்பு மழை பொழியும் காட்சியைத்தான். வெளியே பெயரிலியும் பறக்கும் பனியும் (மேகி சியுங்) அம்புகளைத் தட்டிவிடுகிறார்கள். உள்ளே முறிந்த வாள் (டோனி லியாங்) ‘வாள்’ என்ற ஓர் எழுத்தை எழுதுகிறான். அந்த எழுத்துக்கு 19 வடிவம் உண்டு. பெயரிலி கேட்டது இருபதாவது. கூரையைத் துளைத்து அம்பு விழுந்துகொண்டே இருக்க, முதிய ஆசிரியரும் மாணவர்களும் எழுதுவதை நிறுத்தவில்லை. இத்தனையும் வெறும் ஆரவாரமாகத் தோன்றும், மன்னன் அரண்மனையில் அந்த ஒற்றை வசனத்தைச் சொல்லும்வரை: ஒரே எழுத்தைப் பத்தொன்பது விதமாக எழுதுவது தொல்லை, எல்லா நாட்டையும் வென்றபின் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வேன். வரலாற்றில் சின் பேரரசு எழுத்து வடிவங்களை ஒருமைப்படுத்தியது உண்மை. அம்புகள் ஒரு பள்ளிக்கூடத்தைக் குறி வைத்தது ஏன் என்று அப்போது விளங்குகிறது. பல ஆயிரம் அம்புச் செலவுக்கு இதைவிட நல்ல கணக்கு காட்ட முடியாது.

மஞ்சள் இலைச் சண்டை வேறு ரகம். உள் மங்கோலியாவின் எஜினா பகுதியில் பாலைவன பாப்லர் மரங்கள் இலையுதிர்காலத்தில் சில நாட்கள் மட்டும் முழு மஞ்சளாக நிற்கும். இலை நிறம் மாறுவதைக் கவனித்துச் சொல்லவே ஓர் ஆளை அங்கே நிறுத்தினார்கள். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கித் தரம் பிரித்து, நல்ல இலைகளை நடிகையர் முகத்தருகே பறக்கவிட்டு, மட்டமானவற்றைத் தரையிலும் தூரத்திலும் கொட்டினார்கள். பறக்கும் பனியும் பணிப்பெண் நிலாவும் (ஜாங் ஸியி) சிவப்பு உடையில் சுழல்கிறார்கள். நிலா செத்ததும் காடு முழுதும் சிவந்துபோகிறது. மிகை என்றால் இதுதான் மிகை. ஆனால் இது பெயரிலியின் பொய்க் கதைக்குள் வருவது. பொறாமை, கள்ள உறவு, பழிவாங்கல் என்று மலிவான மசாலாவால் செய்த கதை. மன்னன் நம்பாததற்கும் அதுவே காரணம், முறிந்த வாளும் பறக்கும் பனியும் அத்தனை அற்பர்கள் அல்ல என்கிறான் அவன். பொய்யன் கொஞ்சம் கூடுதலாக வர்ணம் பூசினான். இந்தச் சண்டையின் ஆடம்பரம் பொய்க்குச் சாட்சியாகிறது.

பச்சைக் காட்சிக்குக் குறைவான பாராட்டே கிடைக்கிறது, அது தவறு. மூன்றாண்டு முன் முறிந்த வாளும் பறக்கும் பனியும் அரண்மனைக்குள் புகுந்தபோது கூடம் முழுதும் பச்சைத் திரைச்சீலைகள் தொங்கின. முறிந்த வாளும் மன்னனும் அந்தச் சீலைகளுக்கு இடையே ஒளிந்தும் தேடியும் சண்டை போடுகிறார்கள், சீலைகள் அருவிபோலச் சரிகின்றன, முறிந்த வாள் மன்னனின் கழுத்துவரை போய் வாளை எடுத்துவிடுகிறான். படம் தொடங்கியதிலிருந்து நாம் பார்த்துக்கொண்டிருக்கும் கூடம் ஏன் வெறிச்சோடிக் கிடக்கிறது என்பதற்கு இதுவே காரணம்: ஒளிய இடம் தரக்கூடாது என்று மன்னன் சீலைகளை அகற்றிவிட்டான். கலை இயக்குநரின் அலங்காரம் என்று நினைத்த வெறுமை, கதையின் ஒரு நிகழ்வாக மாறுகிறது. மன்னனுக்கும் பெயரிலிக்கும் இடையே வரிசையாக எரியும் சுடர்களும் அப்படித்தான். வெளிச்சத்துக்கு வைத்தவை என்று விட்டுவிடுவோம். எதிரில் இருப்பவனின் கொலை நோக்கத்தை மன்னன் அவற்றின் ஆட்டத்தில் படித்துக்கொண்டிருக்கிறான்.

எங்கே கோணுகிறது

இப்போது ஏரிக்குத் திரும்பலாம். அது நீலக் கதைக்குள், அதாவது மன்னனின் கற்பனைக்குள் வருகிறது. கற்பனைக்குள்ளும் அது மனச் சண்டை. இரண்டு அடுக்கு கழித்துவிட்டால் நிஜமாக நடந்தது எதுவும் மிச்சமில்லை. துளி சொல்லும் செய்தி, இறந்துகிடக்கும் பறக்கும் பனி மேல் முறிந்த வாளுக்கு இருந்த காதல். அது முந்தைய காட்சியிலேயே தெரிந்தது. நீரின் பரப்பு அசையாத சில மணி நேரத்தில் மட்டும் எடுக்க முடிந்ததால் பல நாள் காத்திருந்து எடுத்த காட்சி இது. அத்தனை பாடுபட்டு எடுத்ததை எடிட்டிங் மேசையில் வெட்ட யாருக்கும் மனம் வராது. ஆடம்பரக் காட்சிகள் நீள்வதற்கு அழகியல் காரணம் தேடுவதற்கு முன் இந்தச் சாதாரணக் காரணத்தைப் பார்க்க வேண்டும்.

பெரிய கோளாறு வேறு. ஒவ்வொரு கதையும் முந்தையதை அழிப்பதால், படம் முடிவதற்குள் பறக்கும் பனி குறைந்தது மூன்று முறை சாகிறாள், முறிந்த வாள் இரண்டு முறை. கடைசியாகப் பாலைவனத்தில் அவன் வாளைத் தாழ்த்தி அவள் குத்தை வாங்கிக்கொள்வதும், அவள் அவனைப் பின்னிருந்து அணைத்து அதே வாளால் தன்னையும் முடித்துக்கொள்வதும் உண்மையான சாவு. அதற்குள் நம் கண்ணீர் காலி. அடுக்குக் கதை வடிவம் புத்திக்குத் தரும் சுவையை இப்படித்தான் நெஞ்சிடமிருந்து வசூல் செய்கிறது.

அதைவிட மோசம், கதையின் அச்சாணி. மன்னனைக் கொல்லக்கூடாது என்று முறிந்த வாள் ஏன் முடிவெடுத்தான்? எழுத்துக்கலை பயின்றதில் ஞானம் வந்தது என்கிறான். மணலில் ‘தியான்சியா’ என்று இரண்டு எழுத்து எழுதிக் காட்டுகிறான். வானத்தின் கீழ் உள்ள அனைத்தும் என்று பொருள். அமெரிக்க வெளியீட்டின் வசன வரியில் அது ‘நம் நாடு’ என்று சுருங்கியது சர்ச்சையானது. பல தலைமுறைப் போரில் மக்கள் பட்ட பாட்டைக் காட்டும் ஒரு காட்சிகூடப் படத்தில் இல்லை. எரிந்த ஊர் இல்லை, அழும் தாய் இல்லை. பெயரிலி தன் பழியை விடுவதற்கும், மன்னன் கண் கலங்குவதற்கும், 99 நிமிடப் படத்தின் முடிவுக்கும் ஒரே ஆதாரம் அந்த இரண்டு எழுத்து. கொடுங்கோலனுக்கு வக்காலத்து என்று பலர் படத்தைத் திட்டினார்கள். அரசியலை ஒதுக்கிவிட்டுத் தொழிலாக மட்டும் பார்த்தாலும் குறை நிற்கிறது: தரம் பிரித்த இலைக்குக் கிடைத்த உழைப்பு இந்த மனமாற்றத்துக்குக் கிடைக்கவில்லை.

ஆனாலும் கடைசிப் படிமத்தை மறுக்க முடியாது. கோட்டைக் கதவு முழுதும் அம்புகள் தைத்து நிற்க, நடுவே மனித வடிவில் ஒரு வெற்றிடம். பெயரிலி நின்ற இடம். அவன் உடலைக் காட்டியிருந்தால் அது இன்னொரு சாவாகப் போயிருக்கும்.

ரோப்பும் பிரேமும்

கதைக்கும் காட்சிக்கும் இடையே விரிசல் விழுவது பெரும்பாலும் திரைக்கதைத் தாளில் அல்ல, படப்பிடிப்பு ஏற்பாட்டில். ஹாங்காங் வழக்கப்படி சண்டைக் காட்சியில் அசைவு மட்டுமின்றி கேமரா வைக்கும் இடமும் வெட்டும் வரிசையும்கூடச் சண்டை இயக்குநரின் பொறுப்பு. ‘ஹீரோ’வில் அவர் சிங் சியு துங். தாளில் “இருவரும் மோதுகிறார்கள்” என்று ஒரு வரி இருந்தால் போதும், அவர் குழு அதைப் பல நாள் வேலையாக்கிவிடும். அந்த ஒரு வரியில் யார் எதை மறைக்கிறார், எந்த இடத்தில் மனம் மாறுகிறார் என்று எழுதியிருக்காவிட்டால், சண்டை தனக்கென ஒரு தொடக்கமும் உச்சமும் வைத்துக்கொண்டு குட்டிப் படமாகிவிடும்.

ரோப் வேலையைச் சீனப் படக்குழுவில் ‘வெய்யா’ என்பார்கள். ‘வயர்’ என்ற ஆங்கிலச் சொல்தான் அப்படித் திரிந்தது. உடைக்குள் இடுப்பையும் தொடையையும் பிடிக்கும் வார்ப்பட்டை, மெல்லிய எஃகுக் கம்பி, கிரேனில் கப்பி, கீழே சேர்ந்து இழுக்கும் ஆட்கள். கம்பி இடுப்பில் பிடிப்பதால் உடல் அங்கிருந்தே தொங்கும். கால் தளர்ந்துவிட்டால் பறப்பவர் போலன்றித் தூக்கில் போட்ட மூட்டைபோலத் தெரிவார். வயிற்றை இறுக்கி, கால்விரலை நீட்டி, எழும்பும் முன் முழங்காலை மடக்கிக் காட்டினால்தான் உந்தல் அவருடையது என்று கண் நம்பும். இறங்குவது இன்னும் கடினம்: கம்பி எடையைத் தாங்குவதால் பாதம் தரையில் பதியாது, புழுதி எழாது. அதனால் இறங்கும் முன் வெட்டி, பாதத்தைத் தனி ஷாட்டாக எடுப்பார்கள். உடை வடிவமைத்த எமி வாடாவின் பல அடுக்குத் துணிகள் வார்ப்பட்டையை மறைக்கும் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன.

மெதுவோட்டம்தான் கதையை அதிகம் தின்பது. நொடிக்கு 24 பிரேமில் ஓடும் படத்தை 96 பிரேமில் எடுத்தால் ஒரு நொடி அசைவு திரையில் 4 நொடி. 3 நிமிடச் சண்டை முழுதும் அப்படி என்றால் உண்மையில் நடந்தது 45 நொடி. துணியின் மடிப்பும் நீர்த்திவலையும் பார்க்கக் கிடைக்கும். ஆனால் யார் ஜெயிப்பார் என்ற பதைப்பு 45 நொடிக்குரியதுதான், அதை நான்கு மடங்கு நீரூற்றி நீட்டியிருக்கிறோம். வூசியா படங்களின் மூத்த இயக்குநர் கிங் ஹூ 1960களிலும் 70களிலும் நேர் எதிராகச் செய்தார். மறைத்து வைத்த துள்ளுபலகை, சில பிரேம் நீளமே உள்ள ஷாட்டுகள். வீரர் எழும்பினாரா என்று கண் உறுதி செய்வதற்குள் இறங்கியிருப்பார். ‘எ டச் ஆஃப் ஜென்’ படத்தில் முதல் பெரிய சண்டைக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மூங்கில் காட்டில் நாயகி உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாயும் அந்த நொடிக்கு இத்தனை பலம் வந்தது அந்தக் காத்திருப்பால். 1975இல் கான் விழாவில் அந்தப் படத்துக்குத் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது.

மூங்கில் காடு பிறகு ஆங் லீயிடம் வந்தது. அங்கே வாள்வீரன் லீ மூ பாய் தன்னோடு மோதும் இளம்பெண்ணை வெட்ட வரவில்லை, சிஷ்யையாக்க வருகிறான். அவள் மூங்கில் நுனியில் தள்ளாடுவதும் அவன் அசையாமல் நிற்பதுமே இருவரின் உரையாடல்.

பறக்கும் கத்தியும் பொன் கவசமும்

2004இல் ஜாங் யிமோ ‘ஹவுஸ் ஆஃப் ஃப்ளையிங் டாகர்ஸ்’ எடுத்தார். கதைக்காலம் தாங் வம்சத்தின் தளர்ச்சிக் காலம், கி.பி. 859. இதில் மேளங்கள் சூழ்ந்த வட்டத்தில் கண் தெரியாத நடனக்காரி மெய் (ஜாங் ஸியி) ஆடும் எதிரொலி விளையாட்டைப் பலருக்கும் மறக்க முடியாது. காவல் தலைவன் அவரைக்கொட்டைகளை மேளத்தில் எறிகிறான், அவள் நீளக் கைத்துணியால் அதே மேளத்தை அதே வரிசையில் அடிக்கிறாள், கடைசியில் கிண்ணம் மொத்தத்தையும் வீசுகிறான். முதல் முறை பார்க்கும்போது இது சாகசம். அவளுக்குக் கண் தெரியும், எறிகிறவன் அவளுடைய பழைய காதலன் என்று பிற்பாதியில் தெரிந்தபின், அதே நடனம் இருவரும் அரங்கத்தின் முன் நடத்திய ரகசியப் பேச்சாகிவிடுகிறது. மறுபடி பார்த்தாலும் பயன் தரும் சண்டை அரிது.

அதே படத்தின் மூங்கில் காட்டில் வீரர்கள் மேலிருந்து சறுக்கி வந்து, வெட்டிய மூங்கில்களை ஈட்டியாக எறிந்து மெய்யையும் அவள் மேல் காதல் கொண்ட இன்னொரு காவலன் ஜின்னையும் சுற்றிக் கூண்டு கட்டுகிறார்கள். ஒலியும் பச்சையும் அபாரம். ஆனால் மாட்டிக்கொண்டார்கள் என்பது முதல் அரை நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

கடைசிச் சண்டை உக்ரைனில் படமானபோது எதிர்பாராமல் பனி கொட்டியது. காத்திருக்காமல் அதையே பயன்படுத்தினார்கள், இலையுதிர்காலத்தில் தொடங்கிய சண்டை பனிக்காலத்தில் முடிகிறது. இரண்டு ஆணும் ஒருத்திக்காக வெட்டிக்கொள்ளும் நேரம் அது, பருவம் மாறுவது பொருந்துகிறது. பொருந்தாதது இன்னொன்று. அரசுப் படை, பறக்கும் கத்தி என்ற பெயர் கொண்ட கலகக்காரர்களின் இருப்பிடத்தைச் சுற்றி வளைத்து மூங்கில் காட்டில் நகர்வதைக் காட்டிவிட்டுப் படம் அவர்களை அங்கேயே விட்டுவிடுகிறது. கலகம் என்ன ஆயிற்று? பதில் இல்லை. முக்கிய வேடம் ஏற்றிருந்த அனிதா முய் தன் காட்சிகள் எடுக்கும் முன்பே 2003 டிசம்பர் 30 அன்று இறந்துபோனார். வேறு நடிகையைப் போடாமல் கதையை மாற்றினார்கள். அந்த மரியாதை சரிதான். ஆனால் ஒரு படையை நகர்த்திக் காட்டியபின் பார்வையாளர் கணக்குக் கேட்பார்.

2006இல் ‘கர்ஸ் ஆஃப் தி கோல்டன் ஃப்ளவர்’. செலவு சுமார் 4.5 கோடி டாலர். கதை பலவீனம் என்று இதைத் தள்ளுகிறவர்கள் அடிப்படையைப் பார்ப்பதில்லை. இது சாவ் யூ 1934இல் வெளியிட்ட ‘இடிமழை’ நாடகத்தின் தழுவல். ஒரு வீடு, எட்டு பேர், மாற்றாந்தாய்க்கும் மூத்த மகனுக்கும் உறவு, அவனுக்கும் வேலைக்காரிக்கும் காதல், அவள் அவன் தங்கை என்று தெரியவரும் இடி. சீன நவீன நாடகத்தில் இதைவிட இறுக்கமான முடிச்சைத் தேட வேண்டும். கூடத்துக்குள் நடக்க வேண்டியதை அரண்மனைக்குக் கொண்டுபோனதுதான் சிக்கல். பொன், பளிங்கு, பிதுங்கும் உடைகள் நடுவே பேரரசியாக வரும் கோங் லீ மருந்துக் கிண்ணத்தைக் கையில் எடுக்கும்போது அந்த நடுக்கம் தெரிய வேண்டும். பின்னணி அதைவிடச் சத்தமாகக் கத்துகிறது. எட்டு பேரின் ரகசியங்கள் உடையும் இடத்தில் பொன் கவசப் படை நுழைந்து குடும்பச் சண்டையைப் போர்க்களமாக்குகிறது. பதினாயிரம் பேர் செத்தால் துயரம் பதினாயிரம் மடங்காகும் என்பது தப்புக் கணக்கு.

இதே படத்தில்தான் ஆடம்பரம் தன் உச்ச வேலையைச் செய்யும் ஒரு காட்சியும் உண்டு. போர் முடிந்து முற்றம் முழுதும் பிணமும் ரத்தமும் நசுங்கிய செவ்வந்தியும். ஆட்கள் வரிசையாக வந்து பிணங்களை இழுக்கிறார்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள், கம்பளம் விரிக்கிறார்கள், புதிய செவ்வந்தித் தொட்டிகளை அடுக்குகிறார்கள். குறித்த நேரத்தில் சோங்யாங் விழா தொடங்குகிறது, வாணவேடிக்கை வெடிக்கிறது. வசனம் வேண்டியதில்லை. பேரரசன் எப்படி ஆள்கிறான் என்பது தொட்டிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது.

அதற்கு முந்தைய ஆண்டு சென் கைகேயின் ‘வூஜி’ படமும் இதே பந்தயத்தில் ஓடி விழுந்தது. ஹூ கே என்பவர் அதன் காட்சிகளை வெட்டி ஒட்டி, ஒரு வேகவைத்த மாவுருண்டையால் வந்த கொலைவழக்கு என்று கேலி வீடியோ செய்தார்; சீன இணையமே சிரித்தது. அவர் கேலி செய்தது கணினி வரைகலையை மட்டுமல்ல. சிறுவயதில் ஏமாற்றிப் பிடுங்கிய ஒரு மாவுருண்டைக்காக ஒருவன் கொடியவன் ஆனான் என்ற காரணத்தையும்தான். பிரம்மாண்டம் ஏற ஏறக் காரணத்தின் சிறுமை அதிகம் தெரியும்.

நிறத்தை எடுத்துவிட்டபின்

2018இல் ஜாங் யிமோ ‘ஷேடோ’வில் தன் கையிலிருந்த பெரிய ஆயுதத்தைக் கீழே வைத்தார். உடை, திரை, தரை எல்லாம் கறுப்பும் வெள்ளையும் சாம்பலும். பின்தயாரிப்பில் நிறத்தை வடித்தது அல்ல, செட்டையும் துணியையுமே அந்த நிறத்தில் செய்தார்கள். விடாத மழை. தோலின் நிறமும் ரத்தமும் மட்டுமே தனித்துத் தெரியும். காயம்பட்டு மறைந்து வாழும் தளபதி, அவனுக்குப் பதிலாக நடமாடும் போலி, இருவருக்கும் நடுவே மனைவி. டெங் சாவ் இரண்டு வேடமும். உடம்பை ஏற்றிப் போலியின் காட்சிகளை முடித்துவிட்டு, பட்டினி கிடந்து இளைத்துத் தளபதியாக வந்தார்.

எதிரியின் கனத்த வாளை வெல்ல வழி தெரியாமல் திணறும்போது, மனைவி குடையை ஏந்திப் பெண்ணின் நடையில் வளைந்து காட்டுகிறாள். போலி அவளோடு சேர்ந்து அந்த அசைவைப் பழகுகிறான். ஒரே காட்சியில் மூன்று நடக்கின்றன: போர் உத்தி பிறக்கிறது, இருவரும் நெருங்குகிறார்கள், மறைவிலிருந்து பார்க்கும் கணவனுக்கு அது புரிகிறது. அதனால் கத்திகள் பதித்த குடைகளில் வீரர்கள் சுழன்று தெருவில் சறுக்கி வரும்போது, விசித்திரமான அந்த ஆயுதம் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். ‘ஹீரோ’வின் இலைகளுக்கு இல்லாத பூர்வீகம் இந்தக் குடைகளுக்கு இருக்கிறது.

படம் தொடங்குவது மனைவி கதவிடுக்கில் கண்ணை வைத்து வெளியே பார்ப்பதில். முடிவதும் அங்கேதான். அரசவையில் நடந்த கொலைகளில் யார் யாரைக் கொன்றார் என்ற உண்மை தெரிந்து உயிரோடு எஞ்சியிருப்பவள் அவள். கதவை நோக்கி ஓடி, இடுக்கில் கண்ணைப் பொருத்தி, மூச்சு வாங்குகிறாள். கதவைத் திறப்பாளா, வாயைத் திறப்பாளா என்று காட்டும் முன் திரை இருட்டாகிறது.